பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

செப்டம்பர் 22, திங்கள்

வண்டி நம்பரும் பைப் அளவும் எழுதறதுக்கு வேலை நோட்டு தனியா இருக்கு. இது எனக்கு. வாயைத் திறந்தா எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை வருது. நோட்டு திருப்பிப் பேசாது, அதனால எழுதறேன்.

இன்னிக்கு எங்க சைலன்சர் கடைக்கு தீபக்னு ஒருத்தர் வந்தார். நெசவு மெஷினுக்கு பார்ட்ஸ் செய்யற கம்பெனியில வேலையாம். பழைய பெட்ரோல் கார். பின்னாடி ஒரு சைலன்சர் இருக்கறது பத்தாதாம், இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு வேணுமாம்.

"எதுக்குங்க?"ன்னேன்.

"பார்க்க கெத்தா இருக்கும்க்கா."

"அதைப் பார்க்கப்போறது நீங்களா, உங்களுக்குப் பின்னாடி வர்றவனா?"ன்னு கேட்டேன். கூட வந்த அவர் சம்சாரம் சௌமியா விழுந்து விழுந்து சிரிச்சுது. இடுப்புல மூணு வயசுப் பொண்ணு, பேரு மித்ரா. எறக்கி விட்டதும் ஒரு பைப்புக்குள்ள வாயை வச்சு, "உள்ள யாரு இருக்கீங்க?"ன்னு கத்துது. நானும் மறுமுனையில வாயை வச்சு, "வசந்தாமணி இருக்கேன், என்ன வேணும்?"னேன். அதுக்கப்புறம் அந்த ரெண்டு கால் வாண்டு என்னை விட்டு நகரல.

எங்க வீட்டுக்காரர் கனகராஜ் உள்ள கிரைண்டர் ஓட்டிக்கிட்டிருந்தார். வெளிய வந்து காருக்கு அடியில குனிஞ்சு பார்த்துட்டு, "செய்யலாம்"னு சொல்லிட்டுத் திரும்ப உள்ள போயிட்டார். அவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

விஜயதசமி அன்னிக்கு விடியக்காலம் வண்டி கையில இருக்கணுமாம். லீவு சேர்ந்தாப்ல வருது, வால்பாறை போறாங்களாம். "சத்தம் ஊரைக் கூட்டற மாதிரி வச்சா போலீஸ்ல புடிப்பாங்க, அடக்கமாத்தான் வைப்பேன்"னு சொல்லி அனுப்புனேன்.

செப்டம்பர் 25, வியாழன்

வேலை ஆரம்பிச்சாச்சு. இன்ஜின்ல இருந்து ஒத்தைப் பைப்பா வர்றதை பின் சீட்டுக்கு நேர் கீழ ரெண்டாப் பிரிக்கறோம். பிரியற எடத்துல ரெண்டு தட்டு, நடுவுல கேஸ்கெட், மூணு போல்ட். அந்த மூணும் இறுகுனாத்தான் புகை மொத்தமும் வாலு வழியா வெளிய போகும்.

வலது பக்கம் சுளுவா முடிஞ்சுது. இடது பக்கம் ஸ்டெப்னி குழி குறுக்க நிக்குது. அவர் நாலு தடவை பைப்பை வளைச்சுப் பார்த்தார், நாலும் இடிக்குது. அஞ்சாவது தடவை நான் ஒரு கம்பியை வளைச்சு, "இப்படி வளைங்க"ன்னு குடுத்தேன். அப்படியே உக்காந்துது. பாராட்டி ஒரு வார்த்தை வரணுமே? "ம்" வந்துது.

இருபத்திரெண்டு வருஷமா அவர் வளைக்கறார், நான் பத்த வைக்கறேன். எங்க கணபதி ஏரியாவுல ஆர்கான் வெல்டிங் அடிக்கற பொம்பளை நான் ஒருத்திதான். வேற யாராவது இருந்தா வந்து சண்டைக்கு நிக்கட்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

டிக்கிக்கு அடியில தாங்கு கம்பி வெல்டிங். தளத்துல தண்ணி வடியற ஓட்டைக்கு வட்டமா ஒரு ரப்பர் மூடி இருந்துது. சூடு பட்டா உருகிடும்னு அவர் கழட்டி, நட்டு வாஷர் போடற தட்டுல வச்சார். என் வெல்டிங் வரி வரியா சுத்தமா விழுந்திருக்கு. அதை யாரும் குனிஞ்சு பார்க்கப்போறதில்லைங்கறதுதான் வருத்தம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தொங்கவிடற ரப்பர் புஷ் தப்பான சைஸ்ல வந்துடுச்சு. ஒரு நாள் போச்சு. அட கெரகமே.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில அஞ்சு மணிக்கே எல்லா சாமானையும் மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சு, கழுவி, ஈரம் போகத் தொடைச்சு வரிசையா அடுக்குனேன். ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். பத்தேகாலுக்கு நல்ல நேரம் முடியுது. பத்து மணிக்குப் பார்க்கறேன், ஸ்பேனர் வரிசையில பதினாலாம் நம்பர் இல்லை. எங்க இருக்கும்? இந்த மனுசன் கையிலதான். காருக்கு அடியில படுத்துக் கெடக்கறார்.

"ஏனுங்க, அதைக் குடுங்க."

"மூணு போல்ட்தான் வசந்தா. கையால ஏத்தி வச்சிருக்கேன். முறுக்கிட்டுத் தர்றேன்."

"நேரம் போகுது. ஒரு சாமான் கொறைஞ்சாலும் பூஜை பூஜையாவே இருக்காது. நாளைக்கு மறுபூஜை போட்டு எடுத்தப்புறம் முறுக்கிக்கலாம், போல்ட் எங்கயும் ஓடிப்போகாது."

காலுக்கிட்ட குனிஞ்சு வாங்கிட்டு வந்துட்டேன். பக்கத்துல இருந்த நட்டு வாஷர் தட்டையும் தூக்கிட்டு வந்தேன். அதுவும் சோறு போடற சாமான்தானே. அவசரத்துல தட்டுல இருந்த எல்லாத்துக்கும் ஒரு பொட்டு வச்சேன். பத்து பத்துக்குக் கற்பூரம் காட்டியாச்சு. வெள்ளைப் பூசணி ரோட்டுல சிதறி ஒடைஞ்சுது. பொரி, கடலை, சுண்டல் அக்கம்பக்கம் எல்லாருக்கும். மனசு நெறைஞ்ச நாள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. அவர் விடியறதுக்கு முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டார், தீர்த்தம் கொண்டுவந்துதான் மறுபூஜை. ஆறரைக்கே தீபக் குடும்பத்தோட ஆட்டோவுல வந்து எறங்கிட்டார். பை, தலகாணி, பாப்பாவுக்கு பிளாஸ்க்னு ஒரு வீட்டையே கொண்டுவந்திருந்தாங்க. வெயில் ஏறறதுக்குள்ள மலை ஏறணுமாம். வண்டியை ஸ்டார்ட் பண்ணுனதும் ரெண்டு பக்கமும் கும்முனு ஒரே சீரா சத்தம். தீபக் மூஞ்சியைப் பார்க்கணுமே, பொறந்த கொழந்தையைக் கையில வாங்குன மாதிரி.

"எல்லாம் டைட் பண்ணியாச்சாக்கா?"

"பண்ணாமயா குடுப்போம்?"

எலுமிச்சம்பழம் நாலு வச்சு வண்டியை ஏத்தி அனுப்புனேன். பாப்பா பின் சீட்டுல நின்னு கையாட்டுச்சு.

அவர் விடியக்காலம் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி முறுக்கியிருப்பார். அப்படித்தான் நெனச்சேன்.

எட்டு மணிக்கு வந்தார். "கார் எங்க?"

"போயாச்சு."

"முறுக்கலியே வசந்தா."

"காலாகாலத்துல முடிச்சிருந்தா இந்த வம்பே இல்லை. அஞ்சு நாள் வேலையைப் பத்து நாள் இழுத்தது யாரு?"

"உள்ளூர்லதான ஓட்டுவாங்க. கையால ஏத்துனது ரெண்டு நாள் தாங்கும். சாயங்காலம் வரச் சொல்லு"ன்னார்.

"ம்"னேன். நாள் பூரா அவர் சொல்ற அதே "ம்".

சாயங்காலம் தீபக் போன்ல பேசிப் பதிஞ்சு அனுப்புனார். சத்தம் சூப்பர்க்கா, எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க, பாப்பாதான் வளைவுல வாந்தி எடுத்துட்டான்னு. நாப்பது ஊசி வளைவு. யாருக்குத்தான் வராது? இஞ்சி மொரப்பா வாங்கிக் குடுங்கன்னு பதில் போட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பூஜை எடத்தைக் கூட்டுனேன். பொரி சந்து பொந்தெல்லாம் போயிருக்கு. தட்டைக் கொட்டி நட்டு வேற வாஷர் வேறயாப் பிரிக்கறப்ப, ஒரு வட்ட ரப்பர் மூடி வந்துது. நடுவுல சந்தனம், அதுக்கு மேல குங்குமம். எந்த வண்டியுதோ. எங்க கடையில நாப்பது வண்டியோட ரப்பர் கெடக்குது. மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன்.

மத்தியானம் சௌமியா மெசேஜ் போட்டிருந்துது. பாப்பா சாப்பிடவே இல்லையாம், கார்ல ஏறுனா தூங்கிடறாளாம். "எனக்கும் அவருக்கும் தலை வெடிக்குது, எறங்கி நடந்தா சரியாயிடுது, திரும்ப ஏறுனா வருது, பனிக்கு கண்ணாடி ஏத்தித்தான் வச்சிருக்கோம், புது பைப் வாசனையா இருக்குமாக்கா?"ன்னு எழுதியிருந்துது.

மலைக்காத்து ஒத்துக்காதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும், புது பைப் ரெண்டு நாள் வாடை அடிக்கும், அப்புறம் போயிடும்னு போட்டேன். நாளைக்குக் காலையில எறங்கறாங்களாம்.

அவர்கிட்ட சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு?

சாயங்காலம் ஒரு வெல்டிங்கை ரெண்டு தடவை அடிச்சேன். ரெண்டும் ஓட்டை.

அக்டோபர் 4, சனி
பொள்ளாச்சி ஆஸ்பத்திரி, மத்தியானம் மூணு மணி

நோட்டு பையிலயே கெடந்துது. கையை வச்சுக்கிட்டு சும்மா உக்கார முடியல.

காலையில ஆறு மணிக்கு தீபக்குக்குப் போன் பண்ணுனேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துது. சௌமியாவுக்குப் பண்ணுனேன், அதே. ஆறே முக்காலுக்குள்ள பத்தொம்பது தடவை. "கார்ல ஏறாதீங்க, ஏறியிருந்தா கண்ணாடியை எறக்குங்க"ன்னு மெசேஜ் போட்டேன். ஒத்தை டிக்தான் விழுந்துது, அவங்களுக்குப் போய்ச் சேரல.

அவர் டீ குடிச்சுக்கிட்டிருந்தார். ரப்பர் மூடியைக் கொண்டுபோய் டம்ளர் பக்கத்துல வச்சேன். சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்துது. அவர் அதைத் தொடல.

"எப்பக் கெடைச்சுது?"

"இப்பத்தான்."

"எங்க இருக்காங்க?"

"வால்பாறையில. இன்னிக்கு எறங்கறாங்க."

அவர் கத்தியிருந்தா தேவலை. டம்ளரைக் கீழ வச்சார், டீ சிந்துச்சு, அவ்வளவுதான். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பாக்கெட்ல சொருகிக்கிட்டு எங்க ஆம்னி வேனை எடுத்தார். வழியில ஒண்ணே ஒண்ணு சொன்னார். "மூணு போல்ட் தளர்ந்தா புகை கீழ தேங்கும் வசந்தா. மூடி இல்லாத ஓட்டை வழியா டிக்கிக்கு ஏறும். டிக்கிக்கு முன்னாடி பின் சீட்டு." எனக்குத் தெரியாதா? அந்தப் புகைக்கு நெறமும் இல்லை, மணமும் இல்லை. பின் சீட்டுல பாப்பா படுத்திருப்பா.

எட்டரைக்கு ஆழியார் செக்போஸ்ட். மலையில இருந்து எறங்கற வண்டி எல்லாம் அங்கதான் நிக்கணும். ஆனா மேல இருந்து சாலக்குடி பக்கமும் ஒரு ரோடு எறங்குது. அந்தப் பக்கம் போயிட்டாங்கன்னா? யோசிச்சுப் பார்த்துட்டு அவர், "நீ இங்க நில்லு, நான் மேல போய்ப் பார்க்கறேன்"னார். ஃபாரஸ்ட் கார்டுகிட்ட வண்டி நம்பரையும் விஷயத்தையும் சொல்லிட்டுப் போனார்.

நின்னேன். கடவுளே, எத்தனை கார். ஒவ்வொண்ணும் வளைவுல திரும்பறப்ப எட்டி எட்டிப் பார்ப்பேன். அந்த நெறம் இல்லைன்னு தெரிஞ்சதும் ஆத்திரமா வரும், நிம்மதியாவும் வரும். கார்டு ஒரு தடவை, "உக்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்"னார். "உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியாதுங்க"ன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். பாவம் அவர்.

பத்து அம்பதுக்கு வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி சத்தம் கேட்டுது. நாங்க வச்ச சத்தம் இல்லை. நடுவுல பொறுபொறுன்னு ஒரு கிழிசல். நடு ரோட்டுல போய் ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டேன். தீபக் என் காலுக்கு ரெண்டடி முன்னாடிதான் பிரேக் அடிச்சார். கண்ணெல்லாம் செவந்து, குடிச்சவர் மாதிரி இருந்தார். "என்னக்கா நீங்க இங்க?"ன்னார், நாக்கு கொழறுது.

நாலு கதவையும் தெறந்தேன். சௌமியா பின் சீட்டுல சாஞ்சு கெடந்துது. மடியில பாப்பா. "தூங்கறாக்கா, எழுப்பாதீங்க, இப்பத்தான் அழாம இருக்கா"ன்னுச்சு. நான் எழுப்புனேன். கன்னத்தைத் தட்டுனேன். "மித்ரா, சாமி, கண்ணைத் தெற, வசந்தாமணி வந்திருக்கேன்." தலை ஒரு பக்கமா சாஞ்சுது. மூச்சு மட்டும் இருந்துது.

கார்டு ஒரு சுற்றுலா ஜீப்பை நிறுத்தி, மூணு பேரையும் ஏத்துனார். நானும் ஏறிக்கிட்டேன். பாப்பாவை என் மடியில வச்சு, காத்து மூஞ்சியில படற மாதிரி ஜன்னலோரம் பிடிச்சுக்கிட்டே வந்தேன். சௌமியா ஒண்ணும் புரியாம, "வளைவுதானக்கா? வாந்திதானக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்துது. நான் பாப்பா மூஞ்சியை ஜன்னல் பக்கம் இன்னும் திருப்புனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. பாப்பா விரல்ல கிளிப் மாட்டுனா தொண்ணூத்தொம்பதுன்னு காட்டுது. "ஆக்சிஜன் நல்லா இருக்கு. வாந்தியில தண்ணி வத்திப்போச்சு, டிரிப்ஸ் போடலாம்"னாங்க.

"இல்லைங்க டாக்டர், வண்டிப் புகை"ன்னேன்.

"என்ன புகை?"

"சைலன்சர்ல லீக். ரெண்டு நாளா இவங்க உள்ள உக்காந்து அதைச் சுவாசிச்சிருக்காங்க. நாங்க வேலை செஞ்ச வண்டி."

டாக்டர் மூஞ்சி மாறிப்போச்சு. அந்தப் புகை ரத்தத்துல கலந்தா கிளிப் பொய்தான் காட்டும்னு நர்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டே ஓடுனாங்க. மூணு பேருக்கும் மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன். பாப்பா மூஞ்சியை மாஸ்க் மொத்தமா மூடிடுச்சு. ரத்தம் எடுத்து சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டர் ஒரு வாக்கியத்துல சொன்னாங்க. அதை நான் இங்க எழுத மாட்டேன்.

ஒண்ணரைக்கு அவர் வந்தார். வழியில ஒரு டீக்கடைக்குப் பின்னாடி அவங்க வண்டி நின்னப்ப இவர் தாண்டி மேல போயிட்டாராம், திரும்ப எறங்கி செக்போஸ்ட்ல கேட்டுட்டு நேரா வந்திருக்கார். போல்ட் முறுக்கலைன்னு அவர் சொன்னதும், தீபக் மாஸ்க்கைக் கழட்டிட்டு எந்திரிச்சு வந்து அவர் சட்டையைப் புடிச்சுட்டார். "முறுக்காம குடுத்தீங்களா? என் கொழந்தை உள்ள இருக்கான்னு தெரிஞ்சும் முறுக்காம குடுத்தீங்களா?"

"என் தப்புதாங்க"ன்னார் எங்க வீட்டுக்காரர். "நாந்தான் முறுக்கல."

சௌமியா படுக்கையில இருந்தே, "நேத்தே அக்காவுக்கு மெசேஜ் போட்டனே, தலைவலின்னு எழுதுனனே!"ன்னு அழுதுது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவ போன் என்கிட்டதான்மா இருந்துது. பதில் போட்டது நான்தான்"னார்.

நான் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தேன். வாய் தெறக்கல. ஊருக்கே நாயம் பேசற வாய்.

மணி மூணே முக்கால். பாப்பா இன்னும் கண் தெறக்கல.

சாயங்காலம் அஞ்சரை

விரலை அசைச்சா.

அக்டோபர் 5, ஞாயிறு

மித்ரா ராத்திரியே கண்ணைத் தெறந்துட்டாளாம். காலையில மாஸ்க்கைப் புடுங்கிப் போட்டுட்டு பிஸ்கட் கேட்டிருக்கா. ரத்தம் தெளிஞ்சிருச்சு, ஆனாலும் ரெண்டு நாள் வச்சுப் பார்க்கணும், அடுத்த மாசமும் கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொன்னாங்க. நான் வராண்டாவுல உக்காந்து எல்லாத்தையும் கதவு வழியாத்தான் கேட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை எழுதுனது பொய். ரப்பர் மூடி எந்த வண்டியுதுன்னு பார்த்த நிமிஷமே எனக்குத் தெரியும். சௌமியா மெசேஜைப் படிச்ச நிமிஷமே என்ன நடக்குதுன்னும் தெரியும். அப்புறம் எதுக்கு மலைக்காத்துன்னு போட்டேன்? ஒத்துக்கிட்டா, பூஜைக்கு நேரமாச்சுன்னு ஸ்பேனரைப் புடுங்குனது நான்னு ஆயிடும். மறுபூஜை ஆகாம சாமானைத் தொடக்கூடாதுன்னு, முறுக்காத வண்டியோட சாவியை எடுத்துக் குடுத்தது நான்னு ஆயிடும். "பண்ணாமயா குடுப்போம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னதும் நான்தான். வாடை போயிடும்னு நான் போட்ட பதிலை நம்பி அவங்க ஒரு நாள் முழுக்க அந்தக் கொழந்தையை அதே வண்டியில வச்சுச் சுத்தியிருக்காங்க. என் வறட்டு வீம்புக்கு ஒரு உயிர் போகப் பார்த்துச்சு. இதை நோட்டுல எழுதி என்ன பிரயோஜனம்? எந்திரிச்சு உள்ள போனேன்.

சௌமியா பாப்பாவுக்குத் தலை சீவிக்கிட்டிருந்துது. தீபக் ஜன்னலோரம். எங்க வீட்டுக்காரர் கதவுக்குப் பக்கத்துல, ராத்திரி பூரா நின்ன அதே எடத்துல நிக்கறார். உள்ள வான்னு அவரை யாரும் சொல்லல. வெளிய போன்னும் சொல்லல.

எல்லாத்தையும் சொன்னேன். ஸ்பேனர், சாவி, மூடி, மெசேஜ். எதையும் விடல. மூச்சு விடாம சொன்னேன், நிறுத்துனா திரும்ப ஆரம்பிக்க முடியாதுன்னு பயம். பக்கத்துக் கட்டில் ஆளுங்கெல்லாம் பார்த்தாங்க. பார்க்கட்டும். தீபக் கையை ஓங்கிக்கிட்டு ஒரு அடி முன்னாடி வந்தார், அப்புறம் அந்தக் கையாலேயே சுவத்தைக் குத்திட்டு வெளிய போயிட்டார். பாப்பா மட்டும் என்னைப் பார்த்து, "வசந்தாமணி, அழாத"ன்னா. அதைக் கேட்டதும் அழுகை இன்னும் பொத்துக்கிட்டு வந்துது.

சௌமியா என்கிட்ட ஒண்ணுமே கேக்கல. கதவுப் பக்கம் திரும்புச்சு. "அண்ணா, போன் உங்ககிட்ட இருந்துச்சுன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"அவளே வந்து சொல்லுவான்னு தெரியும்மா"ன்னார். "அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் திட்டு வாங்கணுமில்ல."

ஒரு வாரத்துக்கு உண்டான பேச்சை ஒரே தடவையில பேசிட்டு, மனுசன் வெளிய போய் பெஞ்சுல உக்காந்துக்கிட்டார். நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்ததுல இருந்து அவர் உக்காந்தே நான் பார்க்கல. நானும் பின்னாடியே போகலாம்னு திரும்புனேன்.

"நீங்க எங்க போறீங்க?"ன்னுச்சு சௌமியா. சீப்பைக் கீழ வச்சுட்டு, ஸ்டூலைக் காலால என் பக்கம் தள்ளுச்சு. "அவரைத் திட்டுனதெல்லாம் உங்களுக்கு உண்டானது. இன்னும் நான் திட்டி முடிக்கல. உக்காருங்கக்கா."

உக்காந்தேன்.